சின்ன ஆர்டருக்கு மை கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இருபது டி-ஷர்ட்டுக்குத் தனி நிறம் ஒன்று கலக்க வேண்டும் என்றால், பலரும் முதலில் எடுப்பது ஒரு கிலோ டப்பாவை. பணம் அங்கேயே போகத் தொடங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 செ.மீ. நீளமும் அதே அகலமும் உள்ள சதுரம் முழுவதும் மை நிரம்புகிறது, மைப்படலத்தின் கனம் 80 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு சட்டையில் இறங்குவது 5 மில்லிலிட்டர்தான். எடையில் ஆறேழு கிராம். இருபது சட்டைக்கு 140 கிராம். ஸ்குவீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) தடையில்லாமல் ஓடுவதற்காக ஸ்கிரீனில் நிற்க வேண்டிய மையையும் சேர்த்தால் கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். வெறும் எழுத்துள்ள டிசைனுக்கு இன்னும் குறைவு.

உங்கள் டிசைனுக்குச் சரியான அளவு வேண்டுமா? ஒரு சட்டையை அச்சடிப்பதற்கு முன்பு தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த உடனே மறுபடி நிறுங்கள். கூடியிருக்கும் எடைதான் ஒரு சட்டைக்கான மை. சூடாக்கிய பிறகு நிறுத்தால் கணக்குத் தப்பும், ஏனென்றால் பருத்தி தன் ஈரத்தை இழந்து எடை குறைந்திருக்கும்.

அடுத்த தவறு, நிறத்தைத் துரத்திக்கொண்டே போவது. நீலம் அழுத்தமாகிவிட்டது என்று வெள்ளை சேர்ப்போம். வெளிறிவிட்டது என்று மறுபடி நீலம். பச்சைச் சாயல் தெரிகிறது என்று ஒரு துளி சிவப்பு. அது விழுந்ததும் நிறம் மங்கிப்போகும். 100 கிராமில் தொடங்கியது 700 கிராமில் வந்து நிற்கும், கேட்ட நிறமும் கிடைத்திருக்காது. எப்போதும் வெளிர் நிறத்தில்தான் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும். மஞ்சளைப் பச்சையாக்கக் கொஞ்சம் நீலம் போதும். நீலத்தைப் பச்சையாக்கப் போனால் மஞ்சள் டப்பாவே காலியாகும். திருத்தம் தேவைப்பட்டால் 20 கிராமைத் தனியே எடுத்து அதில் செய்து பாருங்கள். சரியாக வந்தால் அதே விகிதத்தில் மீதிக்கும் சேர்க்கலாம். வராவிட்டால் போனது 20 கிராம்.

கரண்டியால் அளப்பதை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் மன்றாட நான் தயார். வெள்ளை மையில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு தண்ணீரைவிட நான்கு மடங்கு அடர்த்தியானது. நீலத்துக்கும் சிவப்புக்கும் பயன்படும் கரிம நிறமிகள் அவ்வளவு கனமில்லை. அதனால் ஒரு கரண்டி வெள்ளையும் ஒரு கரண்டி நீலமும் எடையில் ஒன்றாக இருப்பதில்லை. கரண்டியில் ஒட்டிக்கொள்வதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று மேசையில் இருந்தால், இன்று கிடைத்த நிறம் அடுத்த மாதமும் கிடைக்கும்.

நிறங்களை எண்ணால் குறிக்கும் பேண்டோன் நிறப் புத்தகத்தின் எண் தெரிந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. 1963-இல் வந்த அந்த முறை காகித அச்சுக்காக உருவானது. அந்தப் புத்தகத்தில் நிறத்தோடு கொடுத்திருக்கும் கலவை விகிதம் காகித அச்சு மைகளுக்கானது. பிளாஸ்டிசாலுக்கோ (சூடாக்கினால் மட்டும் கெட்டிப்படும் பிளாஸ்டிக் மை) நீர் சார்ந்த துணி மைக்கோ பொருந்தாது. உங்கள் மையைத் தயாரிக்கும் நிறுவனம் அதே எண்ணுக்குத் தரும் கலவைக் குறிப்பைத்தான் பின்பற்ற வேண்டும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கேட்டு வாங்குங்கள்: சி என்றால் பூச்சுள்ள காகிதம், யு என்றால் பூச்சில்லாத காகிதம். ஒரே எண் இரண்டிலும் வெவ்வேறு விதமாகத் தெரியும். பல வருடப் பழைய புத்தகம் என்றால் அதன் நிறங்களே வெளிறி, தாளும் மஞ்சளாகியிருக்கும். மொபைல் திரையில் வரும் படம் நிறத்தின் பெயரைச் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, டப்பாவுக்குள் பார்த்து நிறத்தை முடிவு செய்வது. டப்பாவில் மை விரல் ஆழம் இருக்கிறது. துணியில் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம்தான். அந்தப் படலத்தின் வழியே துணியின் நிறம் எட்டிப்பார்க்கும். கருப்புத் துணியில் வெள்ளை அடிப்படலம் இல்லாமல் மஞ்சள் அடித்தால் பாசி நிறம் தெரியும். ஸ்கிரீனில் இழுத்துக் கட்டியிருக்கும் வலைத்துணியான மெஷ்ஷும் நிறத்தை மாற்றும்: செ.மீ.க்கு 43 இழை உள்ள மெஷ் மையைத் தாராளமாக இறக்கும், 90 இழை உள்ளது சிக்கனமாக இறக்கும். சாம்பிளை ஒன்றிலும் ஆர்டரை இன்னொன்றிலும் அடித்தால் ஒரே டப்பா மை இரண்டு நிறமாக வரும். நீர் சார்ந்த மை ஈரமாக இருக்கும்போது பால் கலந்ததுபோல் தெரிந்து, காய்ந்தபின் தெளியும். ஆகவே அதே துணி, அதே மெஷ், அதே அடிப்படலம் ஆகியவற்றோடு ஒரு துண்டில் அச்சடித்து, முறைப்படி சூடாக்கி (வழக்கமான பிளாஸ்டிசாலுக்குச் சுமார் 160 டிகிரி செல்சியஸ்), நன்றாக ஆறவிட்டு, அதன்பிறகு பாருங்கள். சூட்டோடு பார்த்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஏமாற்றும்.

பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். பகலில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிறங்கள் குழல்விளக்கின் கீழ் பிரிந்து தெரியலாம். வெவ்வேறு நிறமிகளால் ஆன நிறங்களில் இது நடக்கும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, வாடிக்கையாளர் சட்டையைப் பயன்படுத்தப்போகும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் செலவில்லாமல் ஒரு சண்டை தவிரும்.

நிறத்தை வெளிரச் செய்ய எல்லா இடத்திலும் வெள்ளையை ஊற்றுவது இன்னொரு பழக்கம். வெள்ளைத் துணியில் அடிப்பதற்கு நிறமில்லாத பேஸே போதும். நிறமும் தெளிவாக இருக்கும். எதிர்த்திசையிலும் எல்லை உண்டு. அழுத்தம் வேண்டும் என்று நிறுவனம் சொன்ன அளவுக்கு மேல் நிறமியைச் சேர்த்தால், அச்சு சரியாகப் பிடிக்காமல் தேய்க்கும்போது கையில் ஒட்டும். பாலியெஸ்டர் துணியில் கலவை சரியாக இருந்தும் நிறம் மாறக்கூடும், துணியின் சாயம் சூட்டில் மைக்குள் ஏறுவதால். குறைந்த சூட்டில் பிடிக்கும் மைதான் அங்கே சரி.

மலிவாக முடிக்க உண்மையான வழி, கலப்பதற்கு முன்பே பேசிவிடுவது. கைவசம் இருக்கும் எல்லா மைகளையும் வெள்ளைத் துணியிலும் கருப்புத் துணியிலும் அடித்து ஓர் அட்டை தயாரித்து வைத்திருங்கள். தனி நிறம் கேட்டு வருபவரிடம் அதைக் காட்டுங்கள். நிறுவனச் சின்னத்துக்காகக் கேட்பவர் எண்ணில் பிடிவாதமாக இருப்பார், அது நியாயம். பிறந்தநாளுக்கோ நண்பர்கள் குழுவுக்கோ கேட்பவர் அட்டையில் இருப்பதில் ஒன்றைப் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே தேர்ந்தெடுப்பார். கலந்தே ஆக வேண்டும் என்றால், நிறம் கலப்பதற்குத் தனிக் கட்டணம் என்பதை முதலிலேயே சொல்லி, சோதனைத் துண்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சமான பிளாஸ்டிசால் அறைச்சூட்டில் காயாது. மூடி வைத்தால் அடுத்த கலவைக்கு அதுவே தொடக்கமாகும். நீர் சார்ந்த மையில் கெட்டிப்படுத்தும் திரவம் சேர்த்துவிட்டால் அப்படி வைக்க முடியாது, அதை அன்றைக்குத் தேவையான அளவே கலக்க வேண்டும். மிச்ச டப்பாவின் மூடியில் அதே மையால் அச்சடித்த துணித் துண்டை ஒட்டி, கிராம் கணக்கில் கலவை, மெஷ், துணி, தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் இன்னும் எட்டுச் சட்டை கேட்டு வருவார்.