நம்ம சொல் எடுபடுமா? இதை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

உள்ளாட்சி எடுக்கும் முடிவுகளில் தங்கள் பேச்சு எடுபடும் என்று மக்கள் நம்புகிறார்களா என்று அளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேள்வியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "சேவைகள் திருப்தியா?" என்று கேட்டு, அதையே இதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் ஒழுங்காக வருகிறது, குப்பை அள்ளுகிறார்கள், ஆள் திருப்தியாகத்தான் இருக்கிறார். ஆனால் குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது தன்னை யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

சரி, கேள்வியைத் திருத்திவிட்டோம் என்றாலும் அதற்குள் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு விஷயம் புரியும், எழுந்து பேசவும் முடியும் என்பது ஒன்று. பேசினால் அவர்கள் காது கொடுப்பார்கள் என்பது இன்னொன்று. தயவுசெய்து இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் முதலாவது குறைவு என்றால் தகவலும் பயிற்சியும் தரலாம், இரண்டாவது குறைவு என்றால் மாற வேண்டியது நிர்வாகம்தான். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்தால் "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று கோப்பை மூடிவிட வசதியாகிவிடுகிறது, இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

அப்புறம், கேட்கும் விதம். இங்கிலாந்தில் 2008ஐ ஒட்டி நடந்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளில், உங்கள் பகுதி பற்றிய முடிவுகளில் உங்களால் செல்வாக்கு செலுத்த முடியுமா என்ற ஏறக்குறைய ஒரே கேள்வி இருந்தது. தபாலில் படிவம் அனுப்பிக் கேட்டதில் 'முடியும்' என்றவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே, வீட்டுக்குப் போய் நேரில் கேட்டதில் 40ஐ நெருங்கியது. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் மனிதர்கள் கொஞ்சம் இணக்கமாகத்தான் பதில் சொல்வார்கள். அதனால் போன வருடம் நேரில், இந்த வருடம் ஆன்லைனில் என்று மாற்றிவிட்டு, நம்பிக்கை சரிந்துவிட்டது என்று அறிக்கை எழுதாதீர்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்பதும் தவறுதான். சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமாவது இருப்பவர்தானே கூட்டத்துக்கே வருகிறார்!

சின்ன ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம். குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும் விடை சுமார் 5 சதவீதப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகலாம். அப்படி இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது வித்தியாசம் 7 புள்ளிக்குள் இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ஒன்று: 'தெரியாது' என்றவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவது. 1000 பேரில் 300 பேர் 'முடியும்', 500 பேர் 'முடியாது', 200 பேர் 'தெரியாது' என்றால் விடை 30 சதவீதம். அந்த 200 பேரை நீக்கினால் அதுவே 37.5 ஆகிவிடுகிறது, ஒரு ஆளின் மனசும் மாறாமலே. அந்த 200 பேரில், முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதே தெரியாத அளவுக்கு ஒதுங்கிப்போனவர்களும் இருப்பார்கள். அவர்களின் எண்ணிக்கையைத் தனி வரியாகப் போடுங்கள்.