உவமையைப் பிடித்து நட்பைப் படிப்பது: 'மோபி டிக்' வைத்து ஒரு பயிற்சி

உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்லிவிடுவோம். ஒரு நாவலில் வரும் நட்பை அவை எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டால்தான் பேனா நகராது. ஹெர்மன் மெல்வில் எழுதி 1851இல் வெளிவந்த 'மோபி டிக்'கில், திமிங்கில வேட்டைக்குப் போக வந்த இஷ்மேலும் தென்கடல் தீவுக்காரன் குவீக்வெக்கும் நண்பர்களாகிறார்கள். பெரிய நாவல். பயப்பட வேண்டாம், 4, 10, 72, 110 அத்தியாயங்களும் கடைசிப் பகுதியும் இதற்குப் போதும்.

படி 1: பொறுக்குங்கள்

இருவரையும் பற்றி வரும் ஒப்புமைகளை அத்தியாய எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். உவமையா உருவகமா என்பது அப்புறம். 4ஆம் அத்தியாயத்தில், விடுதிக் கட்டிலில் இஷ்மேல் கண் விழிக்கும்போது குவீக்வெக்கின் கை அவன்மேல் கிடக்கிறது, மனைவியை அணைத்ததுபோல. பச்சை குத்திய அந்தக் கை எது, ஒட்டுத்துணிப் போர்வை எது என்றே தெரியவில்லை அவனுக்கு.

படி 2: சொல்வது யார்?

எல்லாம் இஷ்மேலின் வாய்ச்சொல். குவீக்வெக் அதிகம் பேசுவதில்லை. கையிலிருந்த 30 டாலர் வெள்ளிக்காசைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறான். அவன் தலையை ஜார்ஜ் வாஷிங்டனின் தலையோடு ஒப்பிடுகிறான் இஷ்மேல். ஆனால் நரமாமிசம் தின்னும் வாஷிங்டனாம்! பாராட்டுக்குள்ளேயே அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை ஒட்டிக்கொண்டிருப்பதையும் எழுதுங்கள்.

படி 3: வரிசையில் வைத்துப் பாருங்கள்

முக்கியமான வேலை இதுதான். 4இல் மனைவி என்பது வேடிக்கை. 10இல் குவீக்வெக் நெற்றியோடு நெற்றி வைத்து, இனி நமக்குத் திருமணம் ஆகிவிட்டது என்கிறான். அவன் ஊர் வழக்கில் அது உயிர் நட்பு. 72இல் அதே திருமணம் கயிறாகிவிடுகிறது. செத்த திமிங்கிலத்தின் முதுகில் குவீக்வெக், சுற்றிலும் சுறாக்கள், கப்பலில் இஷ்மேல். இருவர் இடுப்பையும் ஒரே கயிறு பிணைத்திருக்கிறது. அவன் மூழ்கினால் கயிற்றை அறுக்கக் கூடாது, இவனும் கூடவே போக வேண்டும். நல்லதோ கெட்டதோ இருவரும் மணமுடித்தவர்கள், ஒட்டிப் பிறந்த இரட்டையர், இருவர் மட்டுமே உள்ள கூட்டுக் கம்பெனி என்று இஷ்மேல் அடுக்குகிறான். சிரிப்பு போகவில்லை, ஆனால் உயிர் பணயத்தில் இருக்கிறது.

படி 4: எடுத்துவிட்டுப் பாருங்கள்

கயிற்றை நீக்கிவிட்டு 'இருவரும் நெருங்கிய நண்பர்கள்' என்று போட்டுப் பாருங்கள். அன்பு மிஞ்சும், அச்சம் காணாமல் போகும். இன்னொருவன் தவறினால் குற்றமற்ற நானும் சாக வேண்டுமா என்ற இஷ்மேலின் முனகலும் போய்விடும். அந்த முனகல் இருப்பதால்தான் எனக்கு இந்த நட்பு நம்பும்படியாக இருக்கிறது.

படி 5: பொருளைக் கடைசிவரை தொடருங்கள்

110இல் காய்ச்சலில் விழும் குவீக்வெக் தனக்குச் சவப்பெட்டி செய்யச் சொல்கிறான். பிழைத்ததும் தன் உடம்பில் இருக்கும் பச்சைக் கோலங்களை அதன் மூடியில் செதுக்குகிறான். பின்னால் அது கப்பலின் உயிர்காப்பு மிதவையாகிறது. கப்பல் மூழ்க, இஷ்மேல் அதைப் பற்றித்தான் பிழைக்கிறான். முதல் நாள் அவன்மேல் கிடந்த கைக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை நாவல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் இணைக்க வேண்டும், இரண்டு இடங்களையும் சான்றாகக் காட்டி.

படி 6: எழுதுங்கள்

'உவமைகள் நட்பை அழகாகக் காட்டுகின்றன' என்று தொடங்கினால் அடுத்த வரி வராது. இப்படித் தொடங்கலாம்: 'விடுதிக் கட்டிலில் வேடிக்கையாகத் தொடங்கும் திருமண உருவகம், 72ஆம் அத்தியாயத்தில் இருவர் உயிரையும் கட்டும் கயிறாக மாறுகிறது.' அதற்குக் கீழே, படி 1இல் குறித்தவற்றில் இரண்டை மட்டும் வைத்து விளக்குங்கள்.