இயங்குதளங்களின் பாதுகாப்பை ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் பணியில் சேர்ந்த ஓர் இளைஞர் விண்டோஸையும் டெபியன் லினக்ஸையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணையைக் காட்டினார். இயங்குதளத்தின் பெயர், அதற்கு எதிரே சிவிஇ (பதிவான பாதுகாப்பு ஓட்டைகள்) எண்ணிக்கை, வேறொன்றும் இல்லை. 2014-இல் நான் தயாரித்ததும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

ஓட்டைகளை எண்ணித் தரம் பிரிப்பது

கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைக்கு வழங்கப்படும் அடையாள எண்ணே சிவிஇ. டெபியன் 12-இல் 64,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள் இருப்பதால் உலாவி, தரவுத்தளம் என எல்லாவற்றின் ஓட்டைகளும் அதன் கணக்கில் ஏறுகின்றன. விண்டோஸின் கணக்கில் பிறர் மென்பொருள்கள் சேர்வதில்லை. மேலும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கும் குழு 2024 பிப்ரவரியில் தானே சிவிஇ வழங்கும் உரிமையைப் பெற்று, பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய பிழைத் திருத்தங்களுக்கெல்லாம் தாராளமாக எண் கொடுக்கத் தொடங்கியதும் கணக்கு மளமளவென உயர்ந்தது. கெர்னல் பலவீனமாகிவிடவில்லை, எண்ணும் முறைதான் மாறியது.

என் அட்டவணையை நம்பி ஒரு சிறு நிறுவனம் தன் சர்வரை லினக்ஸுக்கு மாற்றியது. எண்ணிக்கை குறைந்ததே பாதுகாப்பானது என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததால், புதுப்பிப்புகளைக் கவனிக்க அவர்கள் எவரையும் நியமிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலின் ஷெல்ஷாக் ஓட்டை வெளியானது. சில நாட்களிலேயே திருத்தங்கள் வந்துவிட்டன, அந்த சர்வருக்கு மட்டும் வந்து சேரவில்லை. அக்டோபரில் சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவுக் கோப்பைத் திறந்தபோது, உலாவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வெற்று அடைப்புக்குறிகளில் தொடங்கி ஒரு கோப்பை இறக்கி இயக்கச் சொல்லும் கட்டளை வரிசை வரிசையாக நின்றது. சர்வரை முற்றிலும் அழித்து, மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. இன்றும் அந்த அட்டவணையை எங்கு கண்டாலும் எனக்குக் கோபம் வருகிறது.

திருத்தம் வெளியான நாளுக்கும் நம் கணினியில் அது நிறுவப்பட்ட நாளுக்கும் உள்ள இடைவெளியை முதலில் கேட்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை நிரல் பரவிய 2017 மே 12-க்கு 59 நாட்கள் முன்பே, மார்ச் 14 அன்று, மைக்ரோசாஃப்ட் அதற்குரிய திருத்தத்தை வெளியிட்டிருந்தது. இளைஞரின் அட்டவணையில் இந்த இடைவெளிக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொன்னேன்.

மேக்கில் வைரஸ் வராது என்பது

2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஏறத்தாழ 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது.

ஆதரவு முடிந்த பதிப்பைப் புதியதோடு ஒப்பிடுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஒப்பிட விண்டோஸ் 11-ஐ எடுங்கள்.

நிறுவியவுடன் உள்ள நிலையையே நம்புவது

தொலைவிலிருந்து ஊடுருவக்கூடிய ஓட்டைகள் நெடுங்காலத்தில் இரண்டே இரண்டு என ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு கூறுவது, அதன் இயல்பான நிறுவலுக்கு மட்டுமே பொருந்தும். அதன்மேல் நாம் ஏற்றும் வலைச் செயலியையோ மின்னஞ்சல் சேவையையோ அந்தக் கூற்று காக்காது. ஆகவே ஒப்பிடும் இரு கணினிகளிலும் தேவையான சேவைகளை முதலில் நிறுவி, அதன் பின்னரே திறந்திருக்கும் போர்ட்டுகளை (பிற கணினிகள் தொடர்புகொள்ளும் வாயில்களை) சரிபார்க்க வேண்டும்.