கரைக்குப் போய் மரம் நடுற பிள்ளையளுக்கு: தயவு செய்து இதுகளைச் செய்யாதேங்கோ

மாரி தொடங்கினாப் போதும், யாழ்ப்பாணத்தில எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலயும் ஒரு போஸ்டர் வந்திடும். ஞாயிற்றுக்கிழமை காலமை ஏழு மணிக்குக் கடலேரிக் கரைக்கு வாங்கோ, கண்டல் நடுவம், குப்பை பொறுக்குவம். நல்ல விசயந்தான், பெடியள் பெட்டையள் போனை வைச்சிட்டுச் சேத்துக்குள்ள இறங்கினா எனக்கும் சந்தோசம். ஆனா போய்ப் பாத்தா, நாங்கள் தொடங்கின காலத்தில ஆடின அதே கூத்தை ஒண்டு விடாம ஆடிக்கொண்டு நிக்கினம், அதாலதான் இதை எழுதிறன். தொப்பி போடுங்கோ, தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ எண்டதெல்லாம் உங்கட அம்மாவே சொல்லிவிடுவா, அதை விட்டிட்டன்.

வெறுஞ் சேத்தில கண்டல் நடுறது

இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் விசர் வரும், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

கண்டல் உப்புத்தண்ணி மரம், அப்ப தண்ணிக்குள்ள குத்தினா வளரும் எண்டு கன பேர் நினைக்கினம். இல்லை. அதின்ர வேருக்குக் காத்து வேணும். கண்ணா எண்டு ஒரு கண்டல் இனம் இருக்கு, அந்த மரத்துக்குக் கீழ நிலத்தால மேல குத்திக்கொண்டு நிக்கிற வேரெல்லாம் அந்தக் காத்தை எடுக்கத்தான். தண்ணி ஏறி இறங்கிற இடத்திலயும் மேல்பக்கமாத்தான் அது தன்ர பாட்டில வரும், எந்த நேரமும் தண்ணி நிக்கிற பள்ளத்தில வைச்சா கண்டு மூச்சடைச்சுச் சாகும். அதோட எங்கட கடலேரியில கடல் வத்துப்பெருக்கு எண்டு பெரிசா ஒண்டுமில்லை, மாரி மழையும் காத்துந்தான் தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கிறது, ஆவணியில காஞ்சு வெடிச்சுக் கிடந்த இடத்தில மார்கழியில முழங்காலுக்கு மேல நிக்கும். நீங்கள் ஆவணியில வந்து இடம் பாத்திட்டுக் கார்த்திகையில நட்டா என்ன நடக்கும்?

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ஞ்சு 2017 இல ஒரு ஆய்வு வெளியில வந்தது. 1000 தொடக்கம் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில மிஞ்சினது 200, 220 ஹெக்டேயர்தான். 9 இடத்தில ஒரு கண்டு கூட இல்லை. காசு இருந்தது, ஆக்களும் இருந்தவை, ஆனா பிழையான மட்டத்தில, அந்த இடத்துக்குப் பொருந்தாத இனத்தை நட்டுப்போட்டு, பிறகு திரும்பியும் பாக்கேல்லை.

இனம் எண்டு சொன்னன், அதையும் கேளுங்கோ. முருங்கைக்காய் மாதிரி நீட்டா ஒரு கண்டல் காய் இருக்கு, எல்லாரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவினம், ஏனெண்டா பொறுக்கிறதும் சுகம் குத்திறதும் சுகம், போட்டோவுக்கும் வடிவு. யாழ்ப்பாணக் கடலேரியைச் சுத்திப் பாத்தா தானா முளைச்சு நிக்கிறது கூடுதலாக் கண்ணாதான், அந்த நீட்டுக் காய் இனம் இல்லை. பிறகு, ஏன் எல்லாரும் சேத்து வெளியைத் தேடிப் போகினம் எண்டு நினைக்கிறியள்? அங்க காணிக்காரன் வந்து சண்டை பிடிக்க மாட்டான், அவ்வளவுதான். ஆனா அது சும்மா கிடக்கிற இடமில்லை, மாரிக்கு வாற உள்ளானும் பூநாரையும் மேயிறது அதில, நண்டும் றாலும் பிடிக்கிற சனம் இறங்கி நடக்கிறதும் அதில.

அராலிப் பக்கம் ஒருக்கா ஒரு அமைப்பு, பேர் வேண்டாம், பஸ்ஸில பிள்ளையளைக் கொண்டுவந்து இறக்கி, பேனர் கட்டி, கண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு கதியால் ஊண்டி நட்டவை. வலை காயப்போட்டுக்கொண்டு நிண்ட ஒரு ஐயா கூப்பிட்டு, "தம்பி, உதில மாரிக்குத் தண்ணி வத்தாது, சாதாளைப் பாசி வந்து மூடும், அங்கால அந்தத் திட்டியில வையுங்கோவன்" எண்டார். பொறுப்பா வந்தவர், "ஐயா, இது பிளான் போட்டு வந்த வேலை, இனி இடம் மாத்தேலாது" எண்டிட்டார். நானும் சொல்லிப் பாத்தன், எடுபடேல்லை. மாசிக்குப் போனா கண்டு ஒண்டுமில்லை, கதியால் மட்டும் நிக்குது, தண்ணிக்குள்ள மறைஞ்சு நிண்ட அந்தக் கதியாலில மாட்டி ஐயாவின்ர வலை கிழிஞ்சு, அந்தக் கரையில தொழில் செய்யிற எல்லாரும் கொதிச்சுப்போய் இருந்தவை. பேந்து நாங்கள் பிளாஸ்ரிக் பொறுக்கப் போனா, "மரம் நட்ட ஆக்கள்தானே, ஒண்டும் வேண்டாம், போங்கோ" எண்டு கலைச்சுவிட்டிட்டினம். கண்டு செத்தா அடுத்த மாரிக்கு வைக்கலாம். அந்தச் சனம் எங்களோட முகம் குடுத்துக் கதைக்க எவ்வளவு காலம் எடுத்தது எண்டு என்னட்டக் கேளாதேங்கோ.

அதால, நட முதல் ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கோ. தானா முளைச்ச கண்டு எந்த மட்டத்தில நிக்குது எண்டு பாருங்கோ. ஒண்டும் முளைக்கேல்லையெண்டா ஏதோ மறிக்குது எண்டு அர்த்தம், தண்ணிக்குக் குறுக்கால போற வீதிக்கு, அதான் தாம்போதிக்கு, கீழ மதகு அடைச்சிருக்கும், இல்லாட்டிக் கட்டாக்காலி மாடும் ஆடும் குருத்தைக் கடிச்சிருக்கும், இல்லாட்டி ஆரோ இரவில வீடு இடிச்ச கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டியிருப்பினம். மதகைச் சரியாக்கி, ஆடு மாடு வராமப் பனைமட்டையால ஒரு வேலி அடைச்சு விட்டா, கிட்டடியில தாய்மரம் நிக்கிற இடத்தில விதை தண்ணியோட வந்து தானா இறங்கும். போட்டோ எடுக்க ஒண்டும் இருக்காது, அதால ஸ்பொன்சரும் வரமாட்டான். வனவளத் திணைக்களத்திட்டயும் அந்தக் கரைக் கடற்றொழிலாளர் சங்கத்திட்டயும் கேக்கிறதெண்டா பேனர் அடிக்க முதல் கேளுங்கோ.

அடம்பன் கொடியைக் குப்பையோட சேத்து அள்ளுறது

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதின பிள்ளையள்தான் மணற்காடு எண்ட கரையோர ஊரில நிண்டு, மணலில படருற அந்தக் கொடியை வேரோட பிடுங்கிக் குவிக்கினம், கேட்டா துப்பரவாம். அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லுந்தான் மணலைப் பிடிச்சு வைச்சிருக்குது. அதைவிட மோசம், மணல் மேட்டுக்குக் குறுக்கால நேரா ஒரு நடைபாதை வெட்டிறது. காத்து அந்த வெட்டாலயே பூந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். காத்தும் மணலும் என்ன செய்யும் எண்டு தெரியோணுமெண்டா அங்கயே பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள்ள தாண்டு கிடக்கு, போய்ப் பாருங்கோ. பாதை வேணுமெண்டா ஊராக்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை இருக்கு, மேட்டைச் சுத்தி வளைஞ்சு போகும், அதையே பாவியுங்கோ.

குளத்துக்குள்ள ஜேசிபி இறக்கிறது

கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லாம இறக்காதேங்கோ. இஞ்ச நிலத்துக்குக் கீழ உப்புத்தண்ணிக்கு மேலதான் நல்ல தண்ணி மிதக்குது, கரையோரக் குளங்களை ஆழமாத் தோண்டினா பக்கத்துக் கிணறெல்லாம் உவர் ஏறும். வெட்டின மண் எங்க போகுது எண்டும் ஒருக்காக் கேளுங்கோ. சில நேரம் குளம் துப்பரவாக்க வந்ததே அந்த மண்ணுக்காகத்தான்.

பனம்விதை

வீதியோரமாத் தாட்டா வீதி அகலிக்கேக்க முதல்ல போறது அதுதான். மற்ற இடத்தில தாட்டா, கிழங்கு கிண்ட வாற பெடியளுக்கு முதலே சொல்லி வையுங்கோ.

ஆள் போகாத பற்றைக்குள்ள பூருறது

சண்டைக் காலத்துக் கண்ணிவெடி இன்னும் கிடக்கலாம். எங்கட முகமாலை, நாகர்கோவில் பக்கம் ஊர்ச்சனம் கால் வைக்காத இடத்தில நீங்களும் வைக்காதேங்கோ, பலகை இருந்தாலும் இல்லாட்டியும். ஏதும் இரும்பைக் கண்டா தொடாம, வந்த வழியால திரும்பி வந்து 119 இல பொலிசுக்கு அடியுங்கோ.

பொறுக்கின குப்பையைக் கரையில அடுக்கிப்போட்டு வீட்ட போறது

நாய் கிழிக்கும், காத்தடிக்கும், பின்னேரத்துக்கிடையில எல்லாம் திரும்பக் கடலேரிக்குள்ள. பிரதேச சபை டிராக்டர் அண்டைக்கு வருமோ எண்டு முதலே கேளுங்கோ, வராதெண்டா நாளை மாத்துங்கோ.