பெல்ட் கத்தினால் உடனே இறுக்காதீர்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். நேராக ஷெட்டுக்குப் போய், "அண்ணா, பெல்ட் லூசா இருக்குது, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க" என்போம். அவரும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை ஒரு லிவரால் நெம்பி, போல்ட்டை முறுக்கி அனுப்பிவிடுவார். சத்தம் நின்றுவிடும். சில மாதம் கழித்து ஆல்டர்னேட்டர் பேரிங் இரையும், அல்லது வாட்டர் பம்ப்பில் கூலன்ட் கசியும். அந்த ஒரு நெம்பல் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

லூசான பெல்ட் கத்திக் காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட் சத்தம் போடாமல் பேரிங்கைத் தின்னும். அதனால்தான் இரண்டில் இதை மோசம் என்கிறேன். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல கார்களில் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதன் பம்ப் என எல்லாமே எஞ்சின் சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து இந்தப் பெல்ட் வழியாகத்தான் சுற்றுகின்றன. இழுவிசை கூடினால் ஒவ்வொன்றின் தண்டும் பக்கவாட்டில் இழுபடும். ஒரு பெல்ட்டின் விலையையும் ஒரு ஆல்டர்னேட்டர் வேலைக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். மே மாத வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏசி முழு வேகத்தில் ஓடும், ரேடியேட்டர் ஃபேனும் சுற்றும், எஞ்சினோ ஐடிலில் இருக்கும். ஆல்டர்னேட்டரும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் பெல்ட்டைப் பிடித்து இழுப்பது அப்போதுதான். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் கத்தினால், சுமை ஸ்டியரிங் பம்ப்பிலிருந்து வருகிறது. இப்படிச் சுமை ஏறும் நேரத்தில் மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதுதான்.

ஆனால் வழுக்கினாலே லூஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஆயிலோ கூலன்ட்டோ பட்ட பெல்ட்டும் வழுக்கும், உள்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகள் தேய்ந்த பெல்ட்டும் வழுக்கும். இந்த இரண்டையும் இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கசிவை அடைத்துவிட்டுப் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். சோப்பு தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தைச் சில நாள் மறைக்கும், அவ்வளவே.

ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் இழுவிசை குறைவு. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். கோணலான புல்லியில் ஓடும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கத்தும், ஓரமும் பிய்யும்.

சரி, உண்மையிலேயே லூஸ்தான் என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு இறுக்குவது? கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "போதும்" என்று சொல்வது அளவு ஆகாது, ஆளுக்கு ஆள் கை பலம் மாறும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளமான பகுதியின் மையத்தில் சுமார் 10 கிலோ விசை கொடுத்தால் பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு. பல சிறிய கார்களுக்கு இது 6 முதல் 9 மி.மீ. அளவில் வரும், ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்வதே இறுதி. 10 கிலோவுக்கு எங்கே போவது என்றால், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். பெல்ட்டைச் சுற்றித் துணி வார் ஒன்றைப் போட்டுத் தராசில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுங்கள். புல்லிகளின் மேல் ஒரு நேரான ஸ்கேலை வைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பெல்ட்டை விரலால் முறுக்கிப் பார்த்து, 90 டிகிரிக்கு மேல் திரும்பினால் லூஸ் என்பார்கள். அது வழியில் நின்று பார்க்கும் தோராயம், அதை வைத்து இறுக்க வேண்டாம்.

கையேட்டில் புதுப் பெல்ட்டுக்கு ஒரு அளவும் ஓடிய பெல்ட்டுக்கு வேறு அளவும் இருக்கலாம். பலர் தவறவிடுவது இதைத்தான். புதுப் பெல்ட் சில நிமிடம் ஓடியதும் புல்லியில் படிந்து கொஞ்சம் தளரும், அதற்காகத்தான் முதலில் சற்று இறுக்கமாக வைக்கச் சொல்கிறார்கள். அந்த அளவைப் பழைய பெல்ட்டுக்கு வைத்தால் பேரிங்குக்குக் கேடு. புதுசை மாட்டிவிட்டு மறுபடி பார்க்காமல் விட்டாலோ அது லூசாகிக் கத்தும்.

வேலை செய்யும் முறையிலும் தப்பு நடக்கிறது. அட்ஜஸ்ட் போல்ட்டை மட்டும் தளர்த்தி, ஆல்டர்னேட்டர் ஊசலாடும் கீழ் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டுத் திருகினால் பிராக்கெட் வளையும், மரை போகும். லிவரை ஆல்டர்னேட்டரின் பின்பக்க அலுமினிய மூடியிலோ ஏசி குழாயிலோ முட்டுக் கொடுக்கக் கூடாது. போல்ட்டுகளை முழுதாக முறுக்கும்போது இழுவிசை மாறிவிடும், அதனால் முறுக்கிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். வரிப் பெல்ட் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்றும் அப்போதே ஒவ்வொரு புல்லியிலும் பார்த்துவிடலாம்.

அம்பாஸடர், ஆம்னி போன்ற வண்டிகளின் வி வடிவப் பெல்ட் பக்கச் சுவர்களால்தான் பிடிக்கிறது. அது தேய்ந்து புல்லியின் அடியைத் தொட்டுவிட்டால், பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னும். அதன் பிறகு இறுக்கிப் பயனில்லை.

வரிப் பெல்ட்டில் வெடிப்பு இல்லையே, நல்லாத்தானே இருக்கிறது என்று நம்புவதும் தவறு. பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகள் வெடிக்கும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெரும்பாலும் வெடிக்காமல் டயர் போலத் தேயும். பாலாற்று மணல் தூசி பறக்கும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகன்று ஆழமாகியிருந்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பெல்ட்டைத் தானே இழுத்துப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனர் உள்ள கார்களில் இறுக்குவதற்கு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது. அதில் குறி இருந்தால் முள் குறிக்குள் நிற்கிறதா, எஞ்சின் ஓடும்போது டென்ஷனரின் கை ரொம்ப ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். முள் குறியைத் தாண்டியிருந்தால் பெல்ட் நீண்டிருக்கும், அல்லது தவறான நீளத்தில் மாட்டியிருப்பார்கள். அந்தக் கை ரொம்ப ஆடினால் டென்ஷனரையே மாற்ற வேண்டும். வாஷர் வைத்து முட்டுக் கொடுத்து ஓட்டுவது அடுத்த செலவுக்கு வழி. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டோ வேறு சமாச்சாரம், இங்கே சொன்ன எதையும் அதில் செய்து பார்க்காதீர்கள்.

அளக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். எஞ்சின் நின்ற பிறகும் மின்சார ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம். ஆல்டர்னேட்டர் பக்கம் ஸ்பேனர் போடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.