பின்னிஷ் 'மூத்துஅ': நம் 'மாறு'

பின்லாந்தின் மொழியான பின்னிஷ் படிப்பவர்கள் 'மூத்துஅ', 'மூத்தா' இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எளிது. 'மூத்துஅ' என்றால் மாறு. 'மூத்தா' என்றால் மாற்று. 'ஹிந்த மூத்தூ' என்றால் விலை மாறுகிறது. 'கௌப்ப மூத்தி ஹிந்தா' என்றால் கடை விலையை மாற்றியது. முதலாவதற்குச் செயப்படுபொருள் வராது, நம் செயப்படுபொருள் குன்றிய வினை போலவே.

எதுவாக மாறுகிறது என்று சொல்ல, பெயர்ச்சொல்லோடு 'க்ஸி' சேர்க்க வேண்டும். இது நம் '-ஆக' செய்யும் வேலை. 'ஸதெ மூத்தூ லுமெக்ஸி': மழை பனியாக மாறுகிறது. பின்லாந்தின் இலையுதிர்கால வானிலைச் செய்தியில் கேட்கக்கூடிய வாக்கியம்தான். பனி என்பது தனியாக 'லுமி'; விகுதி சேரும்போது 'லுமெ' ஆகிறது. எவ்வளவு அழகான ஒற்றுமை, பாருங்கள்!

ஓர் இடத்தில் தமிழ் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். 'வீடு மாறுவது' என்பதற்கு 'மூத்துஅ' வராது, 'மூத்தா'தான் வரும். 'அன்ன மூத்தா துர்கூன்' என்றால் அன்னா துர்கு நகருக்குக் குடிபோகிறாள். அப்புறம், 'நான் மாறுகிறேன்' என்னும்போது நடுவிலுள்ள இரட்டைத் தகர ஒலி ஒற்றையாகிவிடும். அதை அழுத்தாமல் சொல்லிப் பழகுங்கள்.