ஒரே வேலையைச் சொல்லுங்கள்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் தமிழும் மலையாளமும் நன்கு எழுதத் தெரிந்த சிலர், இணையம்வழி தனிநபர்கள் தங்கள் சேவைகளை விற்கும் ஃபைவர் தளத்தில் "எல்லா மொழிபெயர்ப்பும் செய்யப்படும்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு, வேலை வரவில்லையே என வருந்துகிறார்கள். அங்கே தலைப்புக்கு 80 எழுத்துகளே இடம் என்பதால், "மலையாள நிலப் பத்திரங்களைத் தமிழாக்கித் தருவேன்" என ஒன்றை மட்டும் சுட்டுங்கள். தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாருக்கு இருபுறமும் நிலமுள்ள குடும்பங்களுக்கு அது உடனே விளங்கும். விளக்கத்தில், 500 சொற்களுக்கு என்ன கட்டணம், எத்தனை நாள், எத்தனை திருத்தம் என்பதோடு, எவை கட்டணத்தில் சேராது என்பதையும் எழுதுங்கள். பிணக்குகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரி இல்லாததால்தான் எழுகின்றன. தளம் பிடித்துக்கொள்ளும் 20 சதவீதத்தையும் கணக்கிட்டே கட்டணம் வையுங்கள். மாதிரிக்கு வாடிக்கையாளரின் பத்திரத்தை ஒருபோதும் காட்டாமல், நீங்களே எழுதிய ஒரு பக்கத்தை இருமொழியிலும் அருகருகே வையுங்கள்.